ஹார்ட்ஸ் ஆட்டத்தில் எந்த மூன்று சீட்டைத் தள்ளுவது?

ஹார்ட்ஸ் நால்வர் ஆடும் சீட்டாட்டம்; இதில் புள்ளி சேராமல் தப்பிப்பதுதான் குறி. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் மூன்று சீட்டை இன்னொருவருக்குத் தள்ள வேண்டும். கையில் பெரிய சீட்டுகளைப் பார்த்ததும் அவற்றையே தள்ளிவிடத் தோன்றும். அதற்கு முன் இஸ்பேட்டை எண்ணுங்கள். 13 புள்ளி சுமக்கும் இஸ்பேட் ராணி உங்களிடம் இருந்து, கூடவே நான்கு சின்ன இஸ்பேட்டும் இருந்தால் அவளை வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருக்கிறாள் என்று தெரிவதே பலம்தான். துணைக்கு ஒன்றிரண்டுதான் என்றால் ராணி, ராஜா, ஏஸ் எது வந்திருந்தாலும் தள்ளிவிடலாம். சின்ன இஸ்பேட்டை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ராணியை இடப்பக்கம் இருப்பவருக்குக் கொடுத்தால் கவனம். அவர் உங்களுக்கு அடுத்து ஆடுபவர். நீங்கள் இஸ்பேட் ராஜாவைப் போட்டதும் ராணியை உங்கள் தலையிலேயே கட்டிவிடுவார். வலப்பக்கம் இருப்பவருக்குக் கொடுத்தால், பெரும்பாலும் அவர் போட்டதைப் பார்த்த பிறகே உங்கள் முறை.

அப்புறம், ஒரு ஜாதிச் சீட்டை (ஒரே சின்னம் உள்ளவை) கையிலிருந்து முழுதாகக் காலி செய்வதென்றால் டைமனைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான விதிப்படி முதல் சுற்று கிளாவரில்தான். அதில் புள்ளிச் சீட்டு விழாது என்பதால் கிளாவர் ஏஸை அங்கேயே பயமில்லாமல் கழித்துவிடலாம்.

பெரிய ஹார்ட் மூன்றையும் ஒருவருக்கே தள்ளாதீர்கள். ஹார்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி; ராணியோடு சேர்த்து மொத்தம் உள்ள 26 புள்ளியையும் அவரே அள்ளிவிட்டால், அது மற்ற மூவர் கணக்கில் ஏறும்.