கொசு உள்ளான் போட்டோ எடுக்கப் போறீங்களா?

கோடியக்கரை, வேதாரண்யம் உப்பளம் பக்கம் அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் சேத்துல குடுகுடுன்னு ஓடி கொத்திட்டே இருக்குமே, சிட்டுக்குருவி சைஸ்ல ஒரு குட்டிப் பறவை, அதான் கொசு உள்ளான், சைபீரியா ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு இவ்ளோ தூரம் பறந்து வருது. நின்னுட்டே மேலேர்ந்து எடுத்தா வெறும் சேறுதான் தெரியும், அதனால கரையில குப்புறப் படுத்துடுங்க, லென்ஸ் பறவையோட கண் மட்டத்துக்கு வரணும் (சட்டை போச்சுன்னு வீட்ல திட்டு விழும், பரவால்ல). காலையில சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், வயிறு பளிச்னு வெள்ளையா இருக்கறதால கேமரால எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) மைனஸ் 0.3லேர்ந்து 0.7 வரை கொறைச்சுக்கோங்க, இல்லன்னா இறகு டீடெயிலே நிக்காது. நீங்க துரத்தாதீங்க, அசையாம கிடந்தா அதுவே மேஞ்சுட்டு பக்கத்துல வரும், பறக்கற ஷாட்டுக்காக கூட்டத்தைக் கிளப்பி விடறது ரொம்ப தப்பு, திரும்பிப் போறதுக்கு அது கொழுப்பு சேர்த்துட்டு இருக்கு.

வரையறவங்களுக்கு ஒண்ணு, கால் நடுவுல பின்பக்கமா மடங்குதே அது முட்டி இல்ல, கணுக்கால். முட்டி மேல இறகுக்குள்ள இருக்கு. காலுக்கு கருப்பு அடிங்க, மஞ்சளா அடிச்சா டெமிங்க் ஸ்டின்ட்ங்கற வேற உள்ளான் ஆயிடும்.