மெல்பேர்ன் புறநகரில் ஒரு நாள் சாப்பாடு: முதலில் கடிகாரம், பிறகு மெனு

மெல்பேர்னின் அமைதியான புறநகர் ஒன்றில் மதியம் இரண்டரைக்குக் கஃபேக்குள் நுழைந்து சாப்பாடு கேட்டால், "கிச்சன் மூடியாச்சு, கேக்கும் காபியும்தான் இருக்கு" என்ற பதில் வரலாம். இரவு ஒன்பதுக்கு உணவகம் தேடினால் தெருவே இருட்டாக இருக்கும். இங்கே ஊர் சீக்கிரம் விழித்து, சீக்கிரம் உண்டு, சீக்கிரம் அடங்கிவிடும். எங்கே ருசி என்று தேடுவதற்கு முன் எந்தக் கதவு எப்போது மூடுகிறது என்று பாருங்கள்.

கஃபேக்கள் பெரும்பாலும் காலை ஆறரை, ஏழுக்குத் திறந்து பிற்பகல் மூன்று, நாலோடு முடிந்துவிடும். அடுப்பு அதற்கும் அரை மணி, ஒரு மணி முன்பே அணைந்துவிடும். சனி, ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை கூட்டம் நெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள்.

காபியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுவார்கள். ஃபிளாட் ஒயிட்டில் நுரை மெல்லிசு. லாட்டே கண்ணாடி டம்ளரில் வரும், நுரை சற்றுக் கூடுதல். கப்புச்சினோவில் கனத்த நுரையும் மேலே சாக்லேட் தூளும் இருக்கும். லாங் பிளாக் வெந்நீரில் எஸ்பிரஸ்ஸோ (இயந்திரத்தில் அழுத்தி இறக்கும் கெட்டிக் காபி) விட்டது, பால் கிடையாது. மெல்பேர்னுக்கே உரிய 'மேஜிக்' என்று ஒன்று உண்டு: இரட்டை ரிஸ்ட்ரெட்டோ (தண்ணீர் குறைத்து இறக்கும் எஸ்பிரஸ்ஸோ) இறக்கி, கோப்பையின் முக்கால் பங்கு வரை மட்டும் பால் ஊற்றுவது. டிகாக்‌ஷன் தூக்கலாகக் குடித்த நாக்குக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். மெனுவில் இல்லாவிட்டாலும் கேட்டால் பல இடங்களில் போட்டுத் தருவார்கள்.

"ஏன் ஆறிப்போய்த் தருகிறார்கள்?" என்பது எல்லாருடைய முதல் புகார். பாலை இங்கே கொதிக்க விடுவதில்லை, 60 முதல் 65 டிகிரியில் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சூட்டில் பாலின் இனிப்பு நன்றாகத் தெரியும். 70 தாண்டினால் காய்ந்த வாடை வரும் என்பது அவர்கள் கணக்கு. நமக்குச் சூடு வேண்டுமென்றால் 'எக்ஸ்ட்ரா ஹாட்' என்று ஆர்டரிலேயே சொல்லிவிட வேண்டும், வந்தபின் சுட வைக்கக் கேட்காதீர்கள். சர்க்கரையும் சொன்னால்தான் போடுவார்கள்.

சாய் லாட்டே நம் பால் தேத்தண்ணி அல்ல. பெரும்பாலும் சிரப்பிலோ இனிப்புத் தூளிலோ செய்வது. பட்டை வாசம் தூக்கலாக இருக்கும், தேயிலை ருசி குறைவு. 'ஸ்டிக்கி சாய்' என்றால் தேனில் ஊறிய இலையும் மசாலாவும், அது ஓரளவு பக்கத்தில் வரும். சாதாரண டீ கேட்டால் சின்னக் கூஜாவில் வெந்நீரும் இலையும், தனிக் கிண்ணத்தில் குளிர்ந்த பாலும் வரும். நாலைந்து நிமிடம் இலையை ஊறவிட்டு, பாலைச் சூடாகக் கேளுங்கள்.

மெனுவில் உள்ள விலையில் 10 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம். ஆனால் ஞாயிறும் பொது விடுமுறையும் 'சர்சார்ஜ்' என்ற கூடுதல் கட்டணம் சேரும் இடங்கள் உண்டு, 10, 15 சதவீதம் என்று மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை, வைக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். மது விற்கும் உணவகங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் சட்டம். போத்தல் தண்ணீர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

சைவம் உண்பவர்கள் கவனிக்க. இங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை உண்டு. முட்டை வேண்டாமென்றால் 'நோ எக்' என்று தனியாகச் சொல்லுங்கள்; 'வீகன்' என்றால் பாலும் போய்விடும். காய்கறி சூப் கோழி ஸ்டாக்கில், அதாவது கோழி வேகவைத்த சாற்றில், வெந்திருக்கலாம். சீஸர் சாலட்டின் சாற்றில் நெத்திலி வகை மீன் இருக்கும். தயிர், மார்ஷ்மெல்லோ, மிட்டாய் லேபிளில் ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கிறதா பாருங்கள், 441 என்ற எண்ணும் அதுதான். 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம்.

பொரித்த மீனும் உருளைக்கிழங்குத் துண்டுகளும் விற்கும் மீன் சிப்ஸ் கடைக்குத் தனி அகராதி வேண்டும். 'ஃபிளேக்' என்றால் சுறா. 'பொட்டேட்டோ கேக்' கேக் அல்ல, மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு வில்லை. 'டிம் சிம்' பார்க்க முட்டைகோஸ் உருண்டை போலிருந்தாலும் உள்ளே இறைச்சி இருக்கும். 'மினிமம் சிப்ஸ்' அந்தக் கடையின் ஆகக் குறைந்த அளவு, பெரும்பாலும் இரண்டு பேருக்குத் தாங்கும். சிப்ஸை மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுகிறார்களா என்று சைவம் உண்பவர்கள் கேட்ட பிறகு வாங்குங்கள்.

இராச்சாப்பாட்டுக்கு ஆறு, ஆறரைக்கே மேசைகள் நிரம்பும். எட்டரைக்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். திங்கள், செவ்வாய் பல உணவகங்களுக்கு விடுமுறை, எனவே போகுமுன் ஒரு ஃபோன் போடுவது நல்லது. வாசலில் 'பி.ஒய்.ஓ.' என்று எழுதியிருந்தால் சொந்த மதுவைக் கொண்டுபோகலாம், திறந்து ஊற்ற 'கார்க்கேஜ்' என்று கட்டணம் வாங்குவார்கள். பல இடங்களில் வைனுக்கு மட்டும்தான் அனுமதி. வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப் போவதற்கு அது அனுமதியல்ல.

பப்பில் பியர் கிளாஸ் அளவுகள்: 'பாட்' 285 மில்லி, 'பைன்ட்' 570. சாதாரண பியர் ஒரு பாட் குடித்தாலே ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்'குக்குச் சற்று மேல், அதாவது 10 கிராம் ஆல்கஹாலைத் தாண்டும். முழு லைசென்ஸ் உள்ளவர்கள் ஓட்டும்போது இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஓட்டக் கற்றுக்கொள்ளும் 'எல்' பிளேட்காரர்களுக்கும், புதிதாக லைசென்ஸ் எடுத்த 'பி' பிளேட்காரர்களுக்கும் பூஜ்யம். போலீஸ் எந்தத் தெருவிலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். கார் ஓட்டுபவர் குடிக்காமலிருப்பதே சரி, இதில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

அழைப்புகளில் இரண்டு சொற்கள் காலை வாரும். 'பிரிங் எ பிளேட்' என்றால் வெறும் தட்டல்ல, எல்லாரும் பகிர ஒரு பதார்த்தம் கொண்டு வா என்று பொருள். வயதான அயலவர் 'டீ'க்கு அழைத்தால் அது இரவுச் சாப்பாடாகவும் இருக்கலாம். நேரத்தைக் கேட்டுக்கொண்டால் தெளிவாகிவிடும்.

காலி டின், போத்தல்களைக் குப்பையில் போடாமல் சேர்த்து வையுங்கள். 2023 நவம்பர் முதல் விக்டோரியாவில் தகுதியான பானக் கலன் ஒன்றுக்கு 10 சென்ட் திரும்பக் கிடைக்கிறது. வைன் போத்தலும் சாதாரணப் பால் கலனும் இதில் சேராது. டின்னை நசுக்காதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள். பார்கோடு தெரியாவிட்டால் கலனைத் திரும்பப் பெறும் இயந்திரம் வாங்காது.