தள்ளுவண்டியை அளந்த கதை: குறைந்த அளவு கதிர்வீச்சு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி தன் முதல் வரைபடத்தோடு வந்து நின்றார். 50 மில்லிகிரே (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு கிரே; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே) காமா கதிர் வாங்கிய சுண்டெலிகளின் தைமஸ், அதாவது நோயெதிர்ப்பு டி செல்கள் முதிரும் உறுப்பு, ஒப்பிடுவதற்காகக் கதிர் கொடுக்காமல் விட்ட கன்ட்ரோல் எலிகளின் தைமஸைவிடச் சிறியது. முகமெல்லாம் சிரிப்பு. "கன்ட்ரோல் எலிகள் அன்றைக்கு எங்கே இருந்தன?" என்று கேட்டேன். "அனிமல் ஹவுஸிலேயேதான், மேடம்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

கதிரை அளக்கும் டோசிமீட்டரை மாட்டுவது, குழாயில் பெயர் எழுதுவது எல்லாம் சீனியர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது வேறு.

"குறைந்த அளவு" என்ற பெயரை நம்புவது

கதிர்வீச்சின் விளைவுகளை மதிப்பிடும் ஐ.நா. அறிவியல் குழுவுக்குக் குறைந்த அளவு என்றால் 100 மில்லிகிரேக்குள். ஜெர்மனியில் குதிகால் வலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் கொடுக்கிற கதிர் சிகிச்சைக்கும் இதே பெயர்தான். ஆனால் அங்கே ஒரு தடவைக்கே 500 முதல் 1,000 மில்லிகிரே. தினம் 2 கிரே கொடுத்துப் பழகிய புற்றுநோய் மருத்துவருக்கு அது குறைவுதான். 2020-இல் கோவிட் நிமோனியாவுக்கு நுரையீரலில் கதிர் கொடுத்துப் பார்த்ததும் இதே வரிசையில்தான். "அழற்சி தணிகிறது" என்ற அந்தத் தரவைக் கொண்டுபோய், பத்து மில்லிகிரே சி.டி. ஸ்கேனோடு முடிச்சுப் போடாதீர்கள். நான் போட்டேன். என் திட்ட அறிக்கை ஒரே வரிக் குறிப்போடு திரும்பி வந்தது.

கன்ட்ரோல் எலியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது

நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் கதிர்க்கருவி வேறு கட்டடத்தில் இருந்தது. கூண்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, குண்டும் குழியுமான பாதையில் கடகடவென்று தள்ளிக்கொண்டு போவோம். அப்புறம் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஒவ்வொரு எலியாக அடைத்து, மோட்டார் உறுமும் இருட்டுக்குள் பத்து நிமிடம். அந்த நேரத்தில் கன்ட்ரோல் எலிகள் மரத்தூளில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும்.

எலி மிரண்டால் அதன் அட்ரினல் சுரப்பி கார்டிகோஸ்டீரோனைக் கொட்டும். அந்த ஹார்மோன் தைமஸில் இருக்கும் முதிராத டி செல்களைச் சாகடிக்கும். ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் இறங்கும். கதிர் என்ன செய்யும் என்று எதிர்பார்க்கிறோமோ, அச்சு அசலாக அதையேதான் பயமும் செய்கிறது. 2 கிரே கொடுத்தால் பிரச்சினை இல்லை, கதிரின் அடி அவ்வளவு பலமாக இருக்கும். 50 மில்லிகிரேயில் பயம்தான் ஓங்கி நிற்கும்.

இரண்டு வருடம், மூன்று தொகுதி எலிகள், ஒரு மாநாட்டுப் போஸ்டர். அந்தப் போஸ்டர் முன்னால் ஒரு வயதான விஞ்ஞானி வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கதிர் கொடுக்காமல் சும்மா கூட்டிப்போய்க் கூட்டி வந்து பார்த்தீர்களாம்மா?" என்றார். ஊர் திரும்பியதும் செய்தேன். சவாரி மட்டும் போய்வந்த எலிகளுக்கும் தைமஸ் சுருங்கியிருந்தது. அவற்றுக்கும் கதிர் வாங்கியவற்றுக்கும் இடையே வித்தியாசம் என்று எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு வருடமாக நான் அளந்தது தள்ளுவண்டியை.

ஆகவே கன்ட்ரோலும் அதே வண்டியில் போக வேண்டும், அதே பெட்டியில் அதே நிமிடங்கள் இருக்க வேண்டும், மோட்டாரும் ஓட வேண்டும். கதிர் மூலம் மட்டும் மூடியிருக்கும். நாலைந்து நாள் முன்பிருந்தே எல்லா எலிகளையும் கையில் எடுத்துப் பழக்குங்கள். ரத்தம் எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும், ஏனென்றால் ரத்தத்தில் சுற்றும் லிம்போசைட்டுகள் நேரத்துக்கு நேரம் கூடிக்குறையும். கன்ட்ரோலைக் காலையிலும் மற்றதை மாலையிலும் அறுத்தால் கடிகாரத்தைத்தான் அளப்பீர்கள். எந்தக் குழாய் எந்தக் குழு என்பது எண்ணுகிறவருக்குத் தெரியவே கூடாது.

அச்சேறிய கட்டுரைகளிலும் வெறுமனே "கன்ட்ரோல்" என்று போட்டுவிட்டு, அது எங்கே இருந்தது என்று சொல்லாதவை உண்டு. அந்தப் பக்கத்தோடு மூடி வைத்துவிடுவேன்.

சதவீதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவது

லிம்போசைட்டுகளில் பி செல் என்ற வகை கதிருக்குச் சீக்கிரம் சாகும், என்கே செல் என்ற வகை தாக்குப்பிடிக்கும். புதிதாக ஒரு என்கே செல்கூடப் பிறக்காமலே அதன் சதவீதம் ஏறிவிடும். உடனே "நோயெதிர்ப்பு பலப்பட்டது" என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். மொத்த எண்ணிக்கையை எண்ணுங்கள்.

ஒரே இன எலியை நம்புவது

ஆய்வகச் சுண்டெலி இனங்களில் பால்ப்-சி (BALB/c) எலிக்கு டி.என்.ஏ. பழுதுபார்க்கும் வேலையில் பிறவிக் குறை. பிளாக்-6 (C57BL/6) எலிக்கு அது இல்லை. ஒன்றில் கண்டது மற்றதற்கும் பொருந்தும் என்று நம்ப முடியாது.

வேகத்தை மறப்பது

நூறு மில்லிகிரேயை ஒரு நிமிடத்தில் வாங்குவதும் பல வருடங்களில் வாங்குவதும் ஒன்றல்ல. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமமும் அதில் கதிர்வீசும் தோரியமும் உண்டு. அங்கே சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, கதிரால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அது புற்றுநோய்க் கணக்கு, நோயெதிர்ப்புக் கணக்கு அல்ல. ஹிரோஷிமா, நாகசாகியில் கண நேரத்தில் கதிர் வாங்கிப் பிழைத்தவர்களிடமோ, பல பத்தாண்டுகள் கழித்தும் வாங்கிய அளவுக்கேற்ப ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் கூடியிருந்தன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க முடியாது.

"கொஞ்சம் கதிர் நல்லது" கட்சி, "துளியும் ஆகாது" கட்சி

ஆய்வை முடித்துவிட்டு வேண்டுமானால் சேருங்கள்.

அந்த மாணவி வரும் திங்கட்கிழமை பன்னிரண்டு எலிகளைக் கதிர் கொடுக்காமலே கூட்டிப்போய்க் கூட்டி வரப்போகிறார். தள்ளுவண்டிக்கு ரப்பர் சக்கரம் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.