தோள்பட்டைத் தசைநாண் பாதிப்பு: முன்னேற்றத்தை அளக்கும் முறை

தோள்பட்டையில் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சூழ்ந்து பிடிக்கும் தசைத் தொகுதி) தசைநாண் பாதிக்கப்பட்டவர், சில வாரச் சிகிச்சைக்குப் பின் "இப்போது பரவாயில்லை" என்கிறார். அது உண்மையான முன்னேற்றமா, அன்றைய நாள் சற்று நன்றாக அமைந்ததா என்பதை அந்த ஒரு சொல்லை வைத்து முடிவு செய்ய இயலாது. ஸ்பாடி (SPADI: தோள்பட்டை வலி, இயலாமைக் குறியீடு) என்னும் வினாத்தாளைக் கொண்டு இதை அளக்கும் முறையைப் பயிற்சியைத் தொடங்கும் பிசியோதெரபி மாணவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: சிகிச்சை தொடங்கும் முன்பே அளந்துவிடுங்கள். 1991-இல் வெளியான ஸ்பாடியில் 13 வினாக்கள் உண்டு. வலி பற்றியவை 5, அன்றாட வேலைகளில் உள்ள சிரமம் பற்றியவை 8. பாதிக்கப்பட்ட பக்கமாகப் படுக்கும்போது எவ்வளவு வலிக்கிறது, தலைமுடியை அலசுவதும் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு பொருளை எடுப்பதும் எவ்வளவு கடினம் என்பன போன்றவற்றுக்குக் கடந்த ஒரு வாரத்தை மனத்தில் வைத்து 0 முதல் 10 வரை நோயாளியே மதிப்பெண் இட வேண்டும். நாம் அருகில் நின்று எண்ணை எடுத்துக்கொடுக்கக் கூடாது.

இரண்டாம் படி கணக்கு. வலி மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 34 என்றால், 50-க்கு 34, அதாவது 68 விழுக்காடு. சிரமத்தின் கூட்டுத்தொகை 44 என்றால், 80-க்கு 44, அதாவது 55 விழுக்காடு. இவ்விரண்டின் சராசரியான 61.5 தான் மொத்த மதிப்பெண். எண் கூடினால் பாதிப்பும் கூடுதல் என்று பொருள். விடை அளிக்காத வினா இருந்தால், அதற்குரிய 10-ஐ வகுக்கும் எண்ணிலிருந்து கழித்துவிடுங்கள்.

மூன்றாம் படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நோயாளிக்குப் பயனுள்ளதாகத் தோன்றும் மிகக் குறைந்த மாற்றம் 8 முதல் 13 புள்ளிகள் வரை என ஆய்வுகள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன. ஆனால் ஒரே நபரை மீண்டும் அளக்கும்போது, நிலை மாறாமலேயே ஏறத்தாழ 18 புள்ளிகள் வரை வேறுபாடு வரக்கூடும். எனவே ஒரு குழுவின் சராசரியில் மதிக்கத்தக்க 10 புள்ளி மாற்றத்தை, நம் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் கண்டவுடன் முன்னேற்றம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. மேற்சொன்ன நோயாளி 12 வாரங்களுக்குப் பின் 41-க்கு வந்தால், 20.5 புள்ளிகள் குறைந்திருக்கின்றன. அளவீட்டுப் பிழையையும் தாண்டிய இந்த மாற்றத்தை நம்பலாம்.

எண் போதாது, நோயாளியின் தீர்ப்பும் வேண்டும். "தொடக்கத்தோடு ஒப்பிட்டால் இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, மிக மோசம் என்பதற்கு −7, மாற்றமில்லை என்பதற்கு 0, மிக நன்று என்பதற்கு +7 எனப் பதிவு செய்யுங்கள். "இதே நிலை நீடித்தால் உங்களுக்குச் சம்மதமா?" என்பதையும் தவறாமல் கேளுங்கள்; 20 புள்ளிகள் குறைந்தும் இரவில் உறங்க முடியாதவர் இதற்கு "இல்லை" என்றே சொல்வார், அவருடைய சிகிச்சை இன்னும் முடியவில்லை.

கோனியோமீட்டர் என்னும் கோணமானியில் கை உயரும் கோணத்தையும் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை இவற்றுக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். மேலும், தசைநாண் வலி காலப்போக்கில் தானாகவே தணிவதும் உண்டு என்பதால், கோப்பில் "சிகிச்சையால் குணம்" என்று எழுதாமல், இரு தேதிகளையும் இரு மதிப்பெண்களையும் நோயாளியின் விடைகளையும் அப்படியே எழுதிவையுங்கள்.