அப்துர் ரஹ்மான்: பெயரை எழுதுவதும் பதிவதும் அழைப்பதும்

அப்து என்றால் அடியான். ரஹ்மான் அல்லாஹ்வின் திருநாமம். எதையும் தொடங்கும்போது சொல்லும் பிஸ்மில்லாஹ்வின் தமிழாக்கத்தில் 'அளவற்ற அருளாளன்' என்று சொல்வது இதைத்தான். ஆக, அளவற்ற அருளாளனின் அடியான். தாயின் கருப்பைக்கு அரபியில் 'ரஹிம்' என்று பெயர். அதற்கும் ரஹ்மானுக்கும் வேர் ஒன்றே. அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது.

அப்துவுக்குப் பின்னால் அல்லாஹ்வின் பெயர்தான் வர வேண்டும். சொர்க்கத்துக்கு நன்மாராயம் (நற்செய்தி) பெற்ற பத்து நபித்தோழர்களில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்கு முதலில் இருந்த பெயர் அப்து அம்ர், அதாவது அம்ரின் அடிமை. நபியவர்கள்தான் அதை மாற்றி இந்தப் பெயரை வைத்தார்கள்.

இனி எழுத்து. அப்து, அர்-ரஹ்மான் இரண்டும் சேரும்போது நடுவில் 'அல்' நிற்கிறது. அரபியில் அலிஃப் (அ), லாம் (ல) என்ற இரண்டு எழுத்துகளும் எழுதப்படும். ஆனால் ரகரத்துக்கு முன்னால் லாம் ஒலிக்காது, ரகரம் இரட்டிக்கும். அதனால் வாயில் வருவது அப்துர் ரஹ்மான். மற்ற பெயர்களுக்கும் இதே கணக்கு. நாக்கு நுனியில் பிறக்கும் த, ர, ஸ, ஷ, ந போன்ற 14 எழுத்துகளுக்கு முன்னால் லாம் கரைந்துவிடும்: அப்துஸ் ஸலாம், அப்துஸ் ஸமத், அப்துஷ் ஷகூர். மீதி 14 எழுத்துகளுக்கு முன்னால் தெளிவாக ஒலிக்கும்: அப்துல் காதிர், அப்துல் ஹமீத், அப்துல் மஜீத். பலரும் இடறுவது ஜகரத்தில். நாக்கில் பிறந்தாலும் அது இரண்டாம் வகை. அப்துல் ஜப்பார்தான் சரி, 'அப்துஜ் ஜப்பார்' தவறு.

தமிழில் ரஹ்மான், ரகுமான், இலங்கையில் றஹ்மான் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எதுவும் பொருளைக் கெடுக்காது. ஏற்கெனவே சான்றிதழில் 'அப்துல் ரஹ்மான்' என்று ஏறிவிட்டவர்கள் ஓர் எழுத்துக்காக எல்லா ஆவணங்களையும் மாற்ற அலைய வேண்டாம். எழுத்தில் லாம் இருக்கத்தானே செய்கிறது.

உண்மையில் கெடுப்பது பெயரை இரண்டாகப் பிளப்பது. பாஸ்போர்ட் படிவத்தில் கிவன் நேம் கட்டத்தில் 'அப்துல்', சர்நேம் கட்டத்தில் 'ரஹ்மான்' என்று நிரப்பிவிடுகிறார்கள். பிறகு விசாவிலும் அலுவலகத்திலும் அவர் வெறும் 'அப்துல்' ஆகிறார். அரபி தெரிந்தவர் காதில் அது 'இன்னாருடைய அடிமை' என்பதில் இன்னாரை விழுங்கிவிட்டதுபோல் கேட்கும். முழுப் பெயரையும் கிவன் நேம் கட்டத்திலேயே எழுதுங்கள். சர்நேமில் தந்தை பெயரை முழுதாகப் போடுங்கள். துருக்கியர்கள் எழுதுவதுபோல் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது இன்னும் பத்திரம். அப்படி எழுதினால் நடுவில் இரண்டு 'ஆர்' வரும். தட்டச்சு செய்பவர் ஒன்றை விட்டுவிடுவார், அங்கேயே சரிபாருங்கள். அப்துவை இனிஷியலாகச் சுருக்கி 'ஏ. ரஹ்மான்' என்று பள்ளியில் கொடுப்பதும் இதே பிழைதான்.

பெயரைப் பதிய அவசரம் இல்லை. இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலும் பதியலாம். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஏழாம் நாள் முடியிறக்கி, அகீகா (பிள்ளைக்காக ஆடு அறுப்பது) கொடுத்து, பெயர் வைத்த பிறகு, முடிவான எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொல்லி எழுதவைக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிச் சான்று அந்தச் சான்றிதழ்தான். அதில் விழும் பிழை எங்கும் கூடவே வரும்.

வீட்டில் எப்படிக் கூப்பிடுவது? ரஹ்மான் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய பெயர் என்பதால், 'டேய் ரஹ்மான்' என்று மனிதரை அழைப்பதை ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கண்டிக்கிறார்கள். முழுப் பெயர் நீளமாகத் தோன்றினால் செல்லப்பெயர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அல்ஜீரியாவில் அப்துர் ரஹ்மான்களை வீட்டில் 'தஹ்மான்' என்பார்கள். கூப்பிடச் சுருக்கம், திருநாமமும் தெருவில் இழுபடாது.