காயாத பூவும் கறுப்புக் கரைக் கடிதமும்: பிரெஞ்சு பாணி மிக்ஸட் மீடியா அட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காகிதம், பேஸ்ட், மை, லேஸ் என்று பலதும் சேர்த்துச் செய்யும் வாழ்த்து அட்டைதான் மிக்ஸட் மீடியா அட்டை. போன ஞாயிறு அந்த வகுப்பில் ஒரு பெண், ஸ்டென்சில் என்ற ஓட்டை வெட்டிய தகட்டின் வழியே கெட்டியான பேஸ்டில் பூ பூசினார். ஸ்டென்சிலைத் தூக்கிய கையோடு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்தார். "வேண்டாம்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பூ அப்பளமாகப் பொரிந்துவிட்டது. ஒரு காலத்தில் என் மேசையிலும் இதே கூத்துதான். கத்தரி கூராக இருக்கணும், பசை வழியக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் கையைச் சுட்டுக்கொண்ட விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

காலத்தைக் குழப்புவது

பிரெஞ்சு ராணி மரீ அந்துவானெத் படத்துக்குப் பின்னால் ஐஃபல் கோபுரத்தை நிறுத்தியவள்தான் நானும். ராணியின் தலை போனது 1793இல். கோபுரம் எழுந்தது 1889இல். அழகுக்குச் செய்தால் சரி, 'பாரம்பரியம்' என்று பெயர் சூட்டிவிட்டுச் செய்தால் உறுத்தும்.

இப்போதெல்லாம் 'த்வால் த ஜுயி' பக்கமே போகிறேன். வெளிறிய துணியில் ஒரே நிறத்தில் ஆடு மேய்ப்பவர்கள், மரங்கள், ஊஞ்சல் என்று அச்சிட்டிருப்பார்களே, அதுதான். வெர்சாய் பக்கத்து ஜுயி ஊரில் 1760இல் ஓபர்காம்ப் தொடங்கிய பட்டறையால் வந்த பெயர். இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய சோழமண்டலக் கரைத் துணிகள் உட்பட இந்தியச் சாயத்துணிகளுக்கு அங்கே அவ்வளவு மோகம். உள்ளூர் பட்டு, கம்பளி நெசவு படுத்துவிடும் என்று 1686இல் தடையே போட்டார்கள். தடை நீங்கியது 1759இல். மறு வருடமே இந்தப் பட்டறை. அந்தத் துணிக்கு ஒரே நிறம்தான் அழகு, ஆகவே அட்டையிலும் நீலம் என்றால் நீலம் மட்டும். நாலு மை தொட்டால் அந்தக் களை போய்விடும்.

தொட்டுப் பார்த்துவிட்டு 'காய்ந்துவிட்டது' என்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒரு கல்யாணத்துக்கு முப்பது அட்டை ஆர்டர். ஒவ்வொன்றிலும் டெக்ஸ்சர் பேஸ்டில் ஒரு ஃப்ளர்-த-லி, பிரெஞ்சு அரச குடும்பத்தின் அல்லிச் சின்னம். ஐப்பசி மழை. சாயங்காலம் விரலால் தொட்டேன், ஒட்டவில்லை. அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, மேலே ஒரு டிக்‌ஷனரியையும் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பிரித்தால், ஒரு அட்டையின் பூ அடுத்த அட்டையின் முதுகில். முப்பதில் தேறியது நாலு. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பேஸ்ட், அட்டை, இரண்டு நாள் உழைப்பு, எல்லாம் குப்பைக்கு.

அக்ரிலிக் பேஸ்ட் காய்வது தண்ணீர் வெளியேறுவதால். மேலே முதலில் ஒரு தோல் கட்டும், அடியில் குழைவாகவே கிடக்கும். அந்த நேரத்தில் ஹீட் கன் காட்டினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி, தோலை முட்டிக்கொண்டு கொப்புளம் போடும். அதனால் நான் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் பூசுவதில்லை. உயரம் வேண்டுமென்றால், காய்ந்தபின் இன்னொரு பூச்சு. ஒரு இரவு முழுக்கத் தனித்தனியாகப் பரப்பி ஃபேன் காற்றில் விடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு இரவு. அட்டையின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கும் வெயிலிலும் பாரத்திலும் ஒன்றோடொன்று ஒட்டும். நடுவில் சிலிக்கான் பூச்சுள்ள பேக்கிங் பேப்பர் வைத்துத்தான் அடுக்க வேண்டும்.

மடிப்பு அட்டையின் மேலேயே பேஸ்ட் பூசினால் அது படகு மாதிரி வளையும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் பேப்பரில் தனித் துண்டாகச் செய்து, காய்ந்தபின் டபுள் சைடு டேப்பால் அட்டையில் ஒட்டுவதே நிம்மதி.

இன்க்ஜெட் பிரிண்ட் மேல் ஈரப் பசை

மை ஊறிப் பரவும். லேசர் பிரிண்ட் எடுங்கள்.

அசல் பழைய கடிதத்தை ஒட்டுவது

ஸ்கேன் எதற்கு இருக்கிறது?

படிக்காமல் ஒட்டுவது

அத்தையின் அறுபதாம் பிறந்தநாளுக்கு ஒரு பழைய பிரெஞ்சுக் கடிதத்தின் பிரிண்டைக் கிழித்துப் பின்னணியாக ஒட்டினேன். சரிந்தோடும் கையெழுத்து, நாலு ஓரமும் அழகான கறுப்புக் கரை. டீ டிகாஷன் தெளித்துப் பழுப்பேற்றி, ஓரத்தில் லேஸும் மேலே ஒரு பேஸ்ட் பூவும் வைத்தாயிற்று. வீட்டுக்கு வந்த புதுச்சேரி மாமாவுக்குப் பிரெஞ்சு தெரியும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையை மூக்குக்குக் கிட்டே பிடித்து இரண்டு வரி படித்தார்.

"ஏம்மா, யாரு போயிட்டா?"

கறுப்புக் கரை போட்டால் அந்தக் காலத்து பிரான்சில் அது துக்கக் கடிதம். அத்தைக்குக் கடையில் ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தேன். நான் செய்தது இன்னும் என் டிராயரில்தான் கிடக்கிறது. பூ மட்டும் அருமையாகக் காய்ந்திருக்கிறது.