வேலையில் மனம் ஒட்டாதபோது: மாற்றத்துக்கு முன் செய்ய வேண்டியவை

பல ஆண்டுகள் பழகிய வேலை பொருளற்றதாகத் தோன்றத் தொடங்கும்போது, நம்மில் பலர் ராஜினாமாக் கடிதத்தை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிடுகிறோம். அதைச் சற்றே ஒத்திவைத்து, சலிப்பு எதன்மீது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வேலையின் மீதா, மேலதிகாரியின் மீதா, அல்லது நெடுநாள் ஓய்வின்மையால் எல்லாவற்றின் மீதுமா? கற்பித்தலே பிடிக்கவில்லை என்று எண்ணும் ஆசிரியர் ஒருவர் உண்மையில் வெறுப்பது பதிவேடுகளை நிரப்புவதை மட்டுமாக இருக்கலாம். அவர் அவசரப்பட்டு விலகினால் பதிவேட்டோடு வகுப்பறையும் போய்விடும்.

இதைக் கண்டறிய ஒரு குறிப்பேடு போதும். நான்கு வாரங்களுக்கு, அன்றாடம் வேலை முடிந்ததும் எதைச் செய்கையில் நேரம் போனதே தெரியவில்லை, எதைத் தள்ளிப்போட்டீர்கள், நீங்கள் செய்தது யாருக்குப் பயன்பட்டது என்று மூன்று வரிகள் எழுதுங்கள். எழுதும்போது வினைச்சொற்களில் கவனம் வையுங்கள். 'கூட்டம் நன்றாக நடந்தது' என்ற குறிப்பால் பயனில்லை; 'முரண்பட்ட இருவரையும் பேசவைத்தேன்', 'சிக்கலான கணக்கை எளிதாக விளக்கினேன்' என்பவை பயன்படும். பதவிப் பெயர்கள் நிறுவனத்தோடு நின்றுவிடும்; திரும்பத் திரும்ப வரும் வினைச்சொற்களோ நாம் எங்கே போனாலும் கூடவே வரும். வாழ்க்கையின் நோக்கம் என்ற பெரிய சொல்லை அஞ்சி ஒதுக்குபவர்கள்கூட இந்தச் சிறிய சொற்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

குறிப்பேட்டைப் பார்த்தபின், இருக்கும் வேலையையே திருத்தி அமைக்க முடியுமா என்று பாருங்கள். பணியிட உளவியலை ஆராயும் ஏமி ரெஸ்னெஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையை வெறும் வருமானமாகவோ, படிப்படியான முன்னேற்றமாகவோ, தமக்கே உரிய பணியாகவோ காணும் மூவகையினரும் ஒரே பதவியில் இருப்பவர்களிடையேகூடக் காணப்பட்டனர். பின்னர் அவரும் ஜேன் டட்டனும் 2001-இல் எழுதிய கட்டுரையில், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர் தம் பணியை நோயாளிகளின் நலனோடு இணைத்துக்கொண்டு, அதற்கேற்பச் செய்யும் முறையையும் பழகும் விதத்தையும் மாற்றிக்கொண்டதை எடுத்துக்காட்டினர். ஆனால் இதற்கு எல்லை உண்டு: குறைந்த ஊதியத்தையும் அவமதிப்பையும் மனப்பாங்கால் சரிசெய்ய முடியாது, முயலவும் வேண்டாம்.

திருத்தி அமைத்தும் போதவில்லை என்றால், விரும்பும் துறையைச் சிறு அளவில் சோதித்துப் பாருங்கள்: வார இறுதியில் ஒரு சிறு பணி, ஒரு குறுகிய பயிற்சி, அத்துறையில் இருப்பவரோடு ஒரு நாள். யாரிடம் பேசுவது என்பதிலும் கவனம் தேவை. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் சுட்டிக்காட்டியபடி, நெருங்கிய நண்பர்களைவிட அரிதாகச் சந்திக்கும் அறிமுகங்களே புதிய வேலைச் செய்திகளைக் கொண்டுவரும் வாய்ப்பு அதிகம்; நெருங்கியவர்களுக்குத் தெரிந்தவை பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவைதாமே. அந்த அறிமுகங்களிடம் 'வேலை காலியாக இருக்கிறதா' என்று கேட்காமல், 'போன வாரத்தில் உங்களுக்கு மிகவும் சலிப்பூட்டியது எது' என்று கேளுங்கள். அந்தச் சலிப்பைத் தாங்க முடியும் என்று தோன்றினால் அத்துறை உங்களுக்கு ஒத்துவரலாம்.

விலகுவது என்று முடிவெடுத்தால், மாதச் செலவைக் கணக்கிட்டு, எத்தனை மாதங்கள் வருமானமின்றிச் சமாளிக்க முடியும் என்பதைக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பணத்தைவிடக் கடினமானது இடைக்காலத்தின் வெறுமை. மாற்றத்தை முடிவு, இடைநிலை, புதிய தொடக்கம் என்று மூன்றாகப் பிரித்த அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பிரிட்ஜஸ், முடிவையே முதலில் வைத்தார். பழைய பதவியோடு போகும் மதிப்பையும் தோழமையையும் இழப்பென்றே ஒப்புக்கொண்டு வருந்துவதில் தவறில்லை. அந்த நாட்களில் தினமும் முடிவை மறுபரிசீலனை செய்யாமல், மூன்று மாதம் கழித்து ஒரு தேதியைக் குறித்துவைத்து, அன்று குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள்.